போனில் சொன்ன உத்தரவு

இன்ஸ்பெக்டர் பெர்னார்ட் தங்கமான மனிதர். அவருடைய பாலாயில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பாலாய் என்றால் போலீஸ் நிலையம். ஜொகூரில் நம்மவர்கள் யாரும் அதற்கு வேறு பெயர் சொல்வதில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊர்ப் பாலாய்க்கு ஆறு வருஷமாக அவர்தான் தலைவர். காலை அணிவகுப்பில் ஒவ்வொருவருடைய சப்பாத்தையும் பார்ப்பார், பிறகு முகத்தைப் பார்ப்பார். முகம் சரியில்லை என்றால் அணி கலைந்ததும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் என்ன விஷயம் என்று கேட்பார். கைநீட்டி ஒரு காப்பிகூட வாங்கிக் குடிக்காதவர். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நாற்காலிக்கு அவர் எப்படி வந்தார் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன் அவர். பத்தொன்பது வயதில் கான்ஸ்டபிள். மூவாரில் சந்தைக் காவல், ஜொகூர் பாருவில் பாலத்து முகப்பில் சாலைக் காவல். விடிந்தால் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிள்கள் கக்கும் புகையை நான்கு வருஷம் முழுங்கினார். கார்ப்பரல் ஆனார், சார்ஜன் ஆனார். இன்ஸ்பெக்டர் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டார். மூன்றாவது தடவை மனைவி டொரத்தி ஒரு கையில் கரண்டியும் மறுகையில் சட்டப் புத்தகமுமாக நின்று கேள்வி கேட்டே அவரைத் தேற்றிவிட்டாள். ஐம்பத்து மூன்று வயதில் அந்தப் பாலாய்க்கு இரண்டாவது ஆளாக வந்து சேர்ந்தார். தலைவர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. அந்த நாற்காலியில் அதுவரை ஒரு தமிழர் உட்கார்ந்ததில்லை. பெர்னார்டுக்கு வாயில் எச்சில் ஊறியது என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார், ஆனாலும் ஊறியது.

அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. ஆறு கரை மீறி, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகிற செம்மண் சாலையை மூழ்கடித்தது. வயதான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தலைவர் விடுப்பில் இருந்தார், பொறுப்பு பெர்னார்ட் கையில். தீயணைப்புப் பொம்பா வண்டி படகோடு கிளம்பிவிட்டது, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்று தகவலும் வந்தது. காத்திருந்திருக்கலாம். ஆனால் மாவட்டப் போலீஸ் தலைவர் நான்கு மணிக்குப் பார்வையிட வருகிறார் என்று இன்னொரு தகவலும் வந்தது. அவர் வந்து இறங்கும்போது, எங்கள் ஆட்கள் ஏற்கனவே உள்ளே போய்விட்டார்கள் துவான் என்று சொல்ல வேண்டும். துவான் என்றால் ஐயா. பெர்னார்டுக்கு அந்த ஆசை.

சாலை முனையில் ரோந்து வண்டியோடு நின்றது கார்ப்பரல் லோகேஸ்வரனும் ஒரு கான்ஸ்டபிளும். டயர் உயரத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் வண்டியை இறக்கக்கூடாது என்பது விதி. வாக்கி டாக்கியில் உத்தரவு போட்டால் நாலு பேர் காதில் விழும், குறிப்பேட்டிலும் ஏறும். பெர்னார்ட் கைப்பேசியை எடுத்தார். அந்த உத்தியோகத்தில் முப்பது வருஷம் இருந்தவர்களுக்குத்தான் இந்தச் சூட்சுமம் தெரியும்: எது பின்னால் வம்பாகுமோ அதைப் போனில் சொல்ல வேண்டும்.

லோகேஸ்வரன் தயங்கினான். தண்ணீர் வேகமாக ஓடுகிறது, படகு வரட்டும் என்றான். அவனுக்கு வயது அப்போது முப்பத்தாறு, அந்த ஆற்றைப் பார்த்தே வளர்ந்தவன். பெர்னார்ட் விடவில்லை. பார்த்து மெதுவாகப் போ, நான் இருக்கிறேன் என்றார்.

வண்டி பாதித் தூரம் போவதற்குள் ஆறு அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விட்டது. இரண்டு பேரும் கண்ணாடி வழியாக வெளியேறி, ஒரு செம்பனை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கிடந்தார்கள். கிழவனையும் கிழவியையும் மீட்க வந்த படகு, முதலில் போலீஸ்காரர்களை மீட்க வேண்டியதாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. அரசாங்கத்து வண்டி மட்டும் மூன்று நாள் கழித்து, சேறும் சகதியுமாக, ஆற்று வளைவில் கிடைத்தது.

விசாரணை வந்தது. யார் உத்தரவு என்று கேட்டார்கள். விளக்கம் கேட்கும் கடிதம் கைக்கு வருவதற்கு முந்தின நாள் மாலையில் பெர்னார்ட் தன் காரில் லோகேஸ்வரனை ஏற்றிக்கொண்டு பந்துத் திடல் ஓரமாக நிறுத்தினார். தனியாக இருக்கும்போது அவன் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"லோகேஸ், இது என் பேருல விழுந்தா நாற்காலி போச்சு," என்றார் பெர்னார்ட். "நம்மாளு ஒருத்தன் அங்க உக்காந்தாத்தான் உன்ன மாதிரி பத்து பேர மேல தூக்கிவிட முடியும். உனக்கு வயசு இருக்கு. ஒரு வார்னிங்கோட போயிரும். நான் பாத்துக்கிறேன்."

லோகேஸ்வரன் கார்க் கண்ணாடியை இறக்கினான். அவனுக்கும் அந்த நாற்காலியில் நம்மவர் ஒருவரைப் பார்க்க ஆசைதான். நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. தன் வீட்டுக் கூரை ஒழுகினாலும், ஊரில் ஒருவன் மாடி கட்டினால் அதன் நிழல் தன் மேலும் விழும் என்று நம்பிக் கல் சுமப்பார்கள்.

"சரிண்ணே," என்றான். "வாக்கு கொடுக்கிறேன். எங்கிட்டேருந்து ஒருத்தருக்கும் போகாது."

தன்னிச்சையாக வண்டியை இறக்கினேன் என்று அவன் எழுதிக் கொடுத்தான். அப்படி ஓர் உத்தரவு நான் போடவில்லை என்று பெர்னார்ட் எழுதிக் கொடுத்தார். கூட இருந்த கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாது. போனில் என்ன பேசினார்கள் என்று அவனால் சொல்ல முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு போதுமான அளவு இருந்தால் மறைக்கலாம் போலிருக்கிறது. லோகேஸ்வரனுக்குக் கடுமையான எச்சரிக்கை, ஒரு வருஷச் சம்பள உயர்வு நிறுத்தம். எட்டு மாதம் கழித்து பெர்னார்ட் தலைவரானார். தோளில் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் லோகேஸ்வரனும் இருக்கிறான், கடைசி வரிசையில்.

அன்றிலிருந்து அவன் அண்ணே என்று கூப்பிடவில்லை. தனியாக இருந்தாலும் துவான்தான்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி. பெர்னார்ட் அதற்கு மேலும் ஒன்று செய்தார், அதுதான் அவரை அரித்தது. ஒவ்வொரு வருஷமும் தலைவர் தன் ஆட்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். பதவி உயர்வு அதை வைத்துத்தான். முதல் வருஷம் லோகேஸ்வரன் பெயருக்கு எதிரே பேனாவை வைத்தார். தொண்ணூறு போடலாம், தகுதி உள்ளவன். ஆனால் தமிழ்த் தலைவர் தமிழனைத் தூக்கிவிடுகிறார் என்று யாராவது வாய் திறந்தால்? அந்தப் பேச்சில் பழைய கோப்பைக் கிளறினால்? எண்பத்தொன்று போட்டார். சும்மா இருக்கிறவனுக்குப் போடுகிற மதிப்பெண் அது. அடுத்த வருஷமும் எண்பத்தொன்று. பத்து பேரைத் தூக்கிவிடப் போகிறேன் என்றவர், ஒருவனையும் தூக்கவில்லை. மற்ற இனத்து ஆட்களுக்குத் தாராளமாகப் போட்டார். நடுநிலையான தலைவர் என்று பெயர் வாங்கினார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தால் பெர்னார்ட் மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வார். பொய் சொன்னேன் சாமி என்பார். எந்தப் பொய் என்று சொல்லமாட்டார். சாமியாரும் மூன்று ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். ஆறு வருஷம் இப்படிக் கடவுளிடமே போனில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெறுகிற வருஷம் பிறந்தது. மார்ச்சில் சார்ஜன் பதவிக்கு நேர்காணல், பட்டியலில் லோகேஸ்வரனும் இருந்தான். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று பெர்னார்ட் ஜனவரியிலேயே முடிவு செய்தார். கடிதமும் எழுதினார். எழுதி, மேசை இழுப்பறையில் வைத்தார். ஓய்வூதியத் தாள்கள் மேலிடத்தில் இருக்கின்றன, அவை கையெழுத்தாகி வரட்டும் என்று நினைத்தார். மார்ச் வந்தது, போனது. பழைய எச்சரிக்கையைக் காட்டி லோகேஸ்வரனை மூன்றாவது தடவையாகக் கழித்துவிட்டார்கள். தனக்குக் கீழே வேலை பழகியவன் சார்ஜன் பட்டை குத்திக்கொண்டபோது, முதலில் கை கொடுத்தது லோகேஸ்வரன்தான். பெர்னார்ட் தன் அறைச் சன்னல் வழியாக அதைப் பார்த்தார்.

தாள்கள் ஏப்ரலில் வந்தன. மே மாதக் கடைசியில், ஓய்வு பெறுவதற்கு இரண்டு நாள் முன்பு, கடிதத்தை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைவரைப் பார்க்கப் போனார். அவர் மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சார்ஜன் நேர்காணல் எப்போது நடந்தது என்று கேட்டார். மார்ச் என்றார் பெர்னார்ட். உங்கள் ஓய்வூதியம் எப்போது உறுதியானது என்று கேட்டார். ஏப்ரல் என்றார். மாவட்டத் தலைவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது பெர்னார்டுக்கு. மேலே அனுப்புகிறேன், பழைய கோப்பு, என்ன ஆகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லி முத்திரை குத்தினார். அந்தக் கார்ப்பரலிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

கடைசி நாள் காலையில் பெர்னார்ட் லோகேஸ்வரனை அறைக்குக் கூப்பிட்டு, கடிதம் கொடுத்ததைச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார். அவன் விறைப்பாக நின்றபடியே கேட்டுக்கொண்டான்.

"சரி, துவான்," என்றான். "கயிறு கட்டணும். நான் போறேன்."

தலைவர் ஓய்வு பெறும்போது அவரை ஜீப்பில் உட்காரவைத்து, இயந்திரத்தை முடுக்காமல், ஆட்களே கயிறு கட்டி வாசல்வரை இழுத்துக்கொண்டு போய் விடுவது அங்கே வழக்கம். அது மரியாதை. ஜீப்புக்கு வாழைக்கன்றும் பலூனும் கட்டியிருந்தார்கள். பெர்னார்டும் டொரத்தியும் பின்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். இரண்டு கயிறு, கயிற்றுக்குப் பத்து ஆட்கள். இடது கயிற்றில் முதல் ஆளாக லோகேஸ்வரன் நின்றான். பாலாயிலேயே மூத்த கார்ப்பரல் அவன்தான். அந்த இடம் அவனுக்கு உரியது.

வாசல்வரை சற்று மேடு. அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெர்னார்ட் சிரித்தபடி கையசைக்க வேண்டும், டொரத்தி அசைத்தாள். அவருக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் வாசல் வரும்வரை இறங்கக்கூடாது.

வாசலில் பெர்னார்டும் டொரத்தியும் இறங்கினார்கள், வெளியே குடும்பங்கள் காத்திருந்தன. லோகேஸ்வரனின் மனைவி சாந்தினி மாலையோடு முன்னால் வந்தாள். இத்தனை வருஷமும் அவளைப் பார்த்தாலே பெர்னார்ட் ஒதுங்கிப் போய்விடுவார். புருஷன் இவளிடமாவது சொல்லியிருப்பான், எல்லாம் தெரிந்தும் நாகரிகத்துக்காகச் சிரிக்கிறாள் என்பது அவருடைய எண்ணம். அவள் மாலையைப் போட்டாள். கண் கலங்கியிருந்தது.

"துவான், அன்னிக்கு நீங்க மட்டும் எங்க வீட்டுக்காரருக்காகப் பேசலன்னா வேலையே போயிருக்கும்," என்றாள். "அத நாங்க மறக்கல. பிள்ளைங்ககிட்ட எப்பவும் சொல்லுவேன், அப்பா மாதிரி அவசரப்பட்டு புத்திகெட்டுப் போயிராதீங்க, பெர்னார்ட் துவான் மாதிரி நிதானமா இருங்கன்னு."

பெர்னார்டுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒருத்தருக்கும் போகாது என்றால் ஒருத்தருக்கும்தான். பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தான். துவான்தான் காப்பாற்றினார் என்று அவளிடம் சொல்லியும் வைத்திருக்கிறான். ஏழு வருஷமாக அந்த மனிதன் தன் வீட்டுக்குள்ளும் அந்தத் தப்பைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறான். அவர் நிமிர்ந்து பார்த்தார். சாந்தினியின் பின்னால் நின்ற லோகேஸ்வரன், வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான். சும்மா இருந்திருக்கலாம். கைகூப்பிவிட்டு டொரத்தியோடு காரில் ஏறிப் போயிருக்கலாம். கடிதம் அது பாட்டுக்கு ஏதாவது ஓர் இழுப்பறையில் கிடந்திருக்கும்.

"சாந்தினி," என்றார் பெர்னார்ட். "அன்னிக்கு அவன் போகமாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் போகச் சொன்னேன். அப்புறம் சொல்லவே இல்லன்னு பொய் எழுதிக் கொடுத்தேன். எனக்காக யாருகிட்டயும் சொல்லாதன்னு அவன்கிட்ட வாக்கும் வாங்கிக்கிட்டேன்."

சுற்றி நின்றவர்களின் கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. டொரத்தி அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

சாந்தினி பெர்னார்டை ஏசுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரும் அதற்காகத்தான் தலைகுனிந்து நின்றார். ஏசினால் கொஞ்சம் ஆறும். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. புருஷன் பக்கம் திரும்பி, நெசமா என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் அவனுடைய வலது கையைப் பிடித்து விரித்தாள். கயிறு இழுத்த இடம் செக்கச்செவேல் என்று கன்றியிருந்தது.

"எத்தன வாட்டி," என்றாள், குரல் உடைந்து, "எத்தன வாட்டி பிள்ளைங்க முன்னால உங்களத் திட்டியிருக்கேன்."

அவனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு, கூட்டம் விட்ட வழியில் அவள் நடந்து போனாள். பெர்னார்ட் மாலையோடு அங்கேயே நின்றார்.