மூன்று வால் பூச்சிகள்

என் கணவருக்கு ஆறு என்றால் உயிர். பாலக்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றில் விடியற்காலை மல்லாந்து மிதப்பார். காது தண்ணீருக்குள், கண் வானத்தில். போன வருடம் காதில் சீழ் வைத்தது. ஆறு சுத்தமாகும்வரை இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பொறுக்காது.

ஆற்றுக்கு நாடி பார்ப்பது என் வேலை. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். மாதம் ஒருமுறை முழங்கால் தண்ணீரில் நின்று அடிமண்ணைக் காலால் கிளறி, வலையில் சேர்வதை வெள்ளைத் தட்டில் கொட்டுவேன். தண்ணீரைச் சோதித்தால் அன்றைய சங்கதிதான் தெரியும். அடியில் வாழும் புழு பூச்சிகள் பல மாதக் கதையைச் சொல்லும். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் சாக்கடை கலக்கிறது. மூன்று வால் வைத்த மேஃபிளைப் பூச்சிக் குஞ்சுகள் இருந்தால் ஆறு தேறிவருகிறது. எங்களுக்கு ஒரு வருடமாகச் சிவப்புப் புழுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனி இறங்கியிருந்தது. அக்கரை இல்லவே இல்லை. தண்ணீர் நிறைந்து தெளிந்து, அடியில் கிடந்த கூழாங்கற்கள் தெரிந்தன. எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. தட்டில் மூன்று வால்கள். ஒன்று, இரண்டு, ஏழு. வயிற்றோரம் செவுள்கள் படபடத்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏனுங்க, எறங்குங்க" என்றேன்.

அவர் துண்டைப் படியில் வைத்துவிட்டு இறங்கினார். பனிக்குள் அவர் மெல்லப் போய்க்கொண்டிருந்தபோது நானும் கூடவே மிதந்தேன்.

நான்காம் நாள் காது மறுபடி ஒழுகியது.

கொல்லங்கோட்டுப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவள் நான். இரண்டாம் போகத்துக்கு அணை திறந்த செய்தியை அந்த ஞாயிறுக்கு முன்பே அண்ணன் போனில் சொல்லியும் இருந்தான். புதுத் தண்ணீர் ஆற்றின் மேல்பகுதிப் பூச்சிகளை அடித்துக்கொண்டு வரும், சில வாரம் கழித்தே வலை போட வேண்டும் என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்துகிறவளும் நானே. அன்றைக்கு மறந்துவிட்டேன் என்றால் அது பொய். நினைக்க மனம் வரவில்லை.

அவரிடம் சொன்னேன். காதில் பஞ்சு வைத்திருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அதுக நம்ம எடத்துப் பூச்சியில்லீங்க. அணைத்தண்ணியில வந்ததுக. தெரிஞ்சேதான் உங்கள எறங்கச் சொன்னனுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பூச்சி எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டார். படம் வரைந்து காட்டினேன்.

இப்போது தட்டை அவரிடம்தான் கொடுக்கிறேன். என் கண்ணை நான் நம்புவதில்லை. போன மாதம் வெகுநேரம் குனிந்திருந்தார். ஒவ்வொரு சருகையும் புரட்டினார். ஆசை என்னைவிட அவருக்குத்தான் அதிகம்.

"இன்னும் இல்ல புள்ள" என்றார், எனக்கு ஆறுதல் சொல்லுகிற குரலில்.