ஸ்பேருக்கு ஒன்று

எங்கள் அப்பாவுக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான் உண்டு. மோட்டார் உள்ளவை, மோட்டார் இல்லாதவை. கோவை கணபதியில் பம்ப் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். மிக்ஸி வாங்கினாலும் சரி, ஃபேன் வாங்கினாலும் சரி, உள்ளே இருக்கும் மோட்டாரைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார். அப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு நான் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போனேன். அப்போது நான் எட்டாம் வகுப்பு.

பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் வாங்கித் தருவதாக அப்பா வாய்தவறிச் சொல்லியிருந்தார். நான் விடுவேனா? விடுமுறை முழுக்க வீடியோக்களாகப் பார்த்து, எந்தப் பிராசஸர், எத்தனை ஜிபி ராம், எந்த கிராஃபிக்ஸ் கார்டு என்று தலைகீழாக ஒப்பிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். பாடங்களைக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் என் உயிர் இவற்றில் எதிலும் இல்லை. கம்ப்யூட்டரின் உறுப்புகளை எல்லாம் மாட்டி வைக்கும் கேபினெட் என்ற பெட்டியில், பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, உள்ளே ஃபேன்கள் நீலமும் சிவப்புமாக ஒளிரும் ரகம் ஒன்று உண்டு. அதுதான் வரப்போகிறது என்று பள்ளி வேனில் எல்லாரிடமும் சொல்லியும் ஆயிற்று. இனி அது இல்லாமல் வேனில் ஏறுவது எப்படி?

காந்திபுரத்துக் கடைக்கு அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். நான் மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். கடைக்கார அண்ணன் அசந்துபோய், பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை பெருமையாகப் பேசுவார் என்று அப்பாவைப் பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. லோடு ஏறுனா சூடாகுமுங்களா?" என்றார் அப்பா.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் கனக்கும், அலுமினியம் என்றால் லேசாக இருக்கும் என்பது அவர் தொழில் சொல்லிக்கொடுத்த கணக்கு. ஆகவே கடையில் இருந்த ஒவ்வொன்றையும் கையில் தூக்கி எடை பார்க்க ஆரம்பித்தார். பவர் சப்ளை கனத்தது, திருப்தி. கிராஃபிக்ஸ் கார்டும் கனத்தது, நான் கேட்டதையே ஒப்புக்கொண்டார். மவுஸைக்கூட விடவில்லை. ராமைத் தூக்கியபோதுதான் முகம் சுருங்கியது.

"இதுக்கா இந்த ரேட்டு? கையில ஒண்ணுமே தெரியலீங்களே!"

"அது அப்படித்தாங்ணா, எடையில ஒண்ணுமில்லீங்ணா" என்று கடைக்கார அண்ணன் கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது.

சும்மா உட்கார்ந்திருந்த அம்மாவிடம், ஆடிப்பார்க்க வைத்திருந்த கம்ப்யூட்டரின் கன்ட்ரோலரை யாரோ கொடுத்துவிட்டார்கள். இரண்டு கையாலும் பிடித்துக் கார் ஓட்டும் ஆட்டம். அம்மாவின் கார் முதல் வளைவிலேயே சாலையை விட்டு இறங்கிக் கடலில் விழுந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கடையே திரும்பிப் பார்த்தது. நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் கேட்டால்தானே! அப்பா எடை பார்த்து முடிக்கும் வரை அம்மா கடலில் விழுவதும் சிரிப்பதுமாகவே இருந்தாள்.

கடைசியில் ஒரு கன்ட்ரோலர் உட்பட எல்லாம் முடிவாயிற்று. விளக்கு எரியும் கேபினெட்டுக்கும் அப்பா தலையாட்டிவிட்டார். பில் போடும் நேரத்தில் அம்மா மெல்ல எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, கையில புடிக்கறது இன்னொண்ணு சேத்தி எடுத்துக்கலாமுங்களா?"

அப்பா உடனே சரி என்றார். எங்கள் வீட்டில் ஸ்பேர் என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. பெல்ட்டுக்கு ஸ்பேர், பேரிங்குக்கு ஸ்பேர், குக்கர் ரப்பருக்குக்கூட ஸ்பேர் உண்டு. கன்ட்ரோலருக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதையும் சேர்த்தால் அப்பா சொன்ன பட்ஜெட் தாண்டுகிறது, கேபினெட்டைச் சாதா இரும்புப் பெட்டியாக மாற்றினால் சரியாக வரும் என்றார் கடைக்கார அண்ணன்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இது கெட்டுப்போனா அப்புறமேட்டு வாங்கிக்கலாம்மா!"

நான் கண்ணைக் கசக்கினால் போதும், அம்மா எதையும் விட்டுக்கொடுத்துவிடுவாள். அன்றைக்கு மட்டும் அசையவில்லை.

"வெளக்கு எரியறத வேடிக்க பாக்கவா வாங்கறோம்? ஆடறதுக்குத்தான, கண்ணு."

அப்பா அந்த இரும்புப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையும் வேண்டியிருந்தது. "இதுதான் அம்மணி பொருளு" என்றார் என்னைப் பார்த்து. அதற்குமேல் நான் பேசி என்ன ஆகப்போகிறது?

வேனில், கண்ணாடிக் கேபினெட் ஸ்டாக் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். சீக்கிரமே ஆட்டத்தில் மூழ்கி விளக்கை மறந்தும்போனேன். கூடுதலாக வாங்கிய கன்ட்ரோலரை அப்பா பிரிக்காமல் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டார்.

சாயங்காலம் பட்டறை பில்களை எழுதி முடித்துவிட்டு அம்மா என் அறைக்கு வருவாள். வளையல் சத்தம் கேட்டதுமே நான் ஆட்டத்தை மறைத்து, திரையில் அறிவியல் பாடத்தைத் திறந்துவைப்பேன். என்ன இருந்தாலும் நான் கெட்டிக்காரி. அம்மா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். ஒருநாள் கையில் அந்தக் கன்ட்ரோலர் பெட்டியும் இருந்தது. தூசி தட்ட எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, செல் பிரிதலைச் சத்தம் போட்டு வாசித்தேன்.

"படிக்கறயா கண்ணு? படி, படி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். போகும்போது அவள் முகம் அப்படியே வாடிவிட்டது. பெற்ற பிள்ளை கருத்தாகப் படிப்பதைப் பார்த்து ஒரு தாய் எதற்காக முகம் வாட வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.