ஸ்டீபன் பாஸ் கட்டாத சுவர்

இலங்கையில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர்களில் பாதி ஸ்டீபன் பாஸ் கட்டியவை. பாஸ் என்றால் அங்கே கொத்தனார்; மேசன் வேலைக்கு அவரை விட்டால் அங்கே ஆளில்லை. அப்படிப்பட்டவர் ஒரே ஒரு சுவரை மட்டும் மூன்று வருஷமாகக் கட்டாமல் ஏய்த்துக்கொண்டிருந்தார். அது மாதா கோயில் சுவர்.

மண்சரிவில் பீடத்துக்குப் பின்சுவர் விழுந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வந்தவர்கள், அந்த ஓட்டைக்குள் மலையே நிற்பதைக் கண்டார்கள். கொழுந்துக்கூடையோடு ஏறி இறங்கிச் சலித்த மலைதான். ஆனால் மெழுகுவர்த்திகளுக்குப் பின்னால் பனி விலகி அது வெயிலோடு நின்றபோது, ஸ்டீபன் பாஸுக்கு விசுவாசப் பிரமாணம் பாதியில் மறந்துபோனது. பக்கத்திலிருந்த மனைவி திரேசா முழங்கையால் இடித்த பிறகுதான் ஆமென் சொன்னார்.

அன்றிலிருந்து சாக்குத்தான். சீமெந்து கட்டியாகிவிட்டது, மணல் சரியில்லை, தோள் வலிக்கிறது.

"எல்லார் வீட்டுக்கும் சுவரு, ஆண்டவர் வீட்டுக்கு மட்டும் காத்தா? அவருக்குக் குளிராதாங்க?" என்பாள் திரேசா.

"ஹரி ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்வார் அவர். "அடுத்த மாசம்."

"ஒங்க அடுத்த மாசம் மூணு வருஷமா நடந்து வருது. கால் வலிக்கப்போவுது அதுக்கு."

ஒருநாள் பிரசங்கத்தின் நடுவே ஆடொன்று ஓட்டை வழியாக வந்து பீடத்துப் பூவைத் தின்றது. மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் ஃபாதருக்குப் பொறுமை போய்விட்டது.

"அடுத்த பூசைக்குள்ள சுவர் எழும்பணும் பாஸ். சனம் பீடத்த விட்டுட்டு மலையப் பாக்குது. அழகு ஆண்டவருக்குப் போற கதவுதான். கதவையே கும்பிடக் கூடாது."

"அந்தக் கதவைத்தானே ஃபாதர் அடைக்கச் சொல்றீங்க?"

ஃபாதர் சிரிப்பை இருமலாக்கினார். ஸ்டீபன் பாஸ் விடவில்லை. "நீங்க எங்களப் பாத்து நிக்கிறீங்க. ஒங்க முதுகுதான் மலையப் பாக்குது. ஒரு தடவை எங்க பெஞ்சில ஒக்காந்து பாருங்க. அப்புறமும் அடைக்கணும்னா, அன்னைக்கே கல்லு வைக்கிறேன்."

திரேசா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சாக்குச் சொல்வாரே தவிர, கொடுத்த வாக்கை மீறுகிற மனிதரல்ல.

அடுத்த மாதம் பூசை முடிந்ததும் ஃபாதர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பார்த்தால், வெளியே சுண்ணாம்பு பூசியதுபோல ஒரே பனி. மலையும் இல்லை, மரமும் இல்லை. ஸ்டீபன் பாஸ் தலையைத் தொங்கப் போட்டார். மூன்று வருஷம் கேலி பேசிய திரேசாதான் வாய்க்குள் முணுமுணுத்தாள்: "மாதாவே, கொஞ்சம் வெலக்கி விடு தாயே. இந்த மனுசன் தாங்கமாட்டாரு."

ஃபாதருக்கு வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு பனி ஓர் ஓரத்தில் கிழிந்தது. ஒரு துண்டுச் சரிவு, அதில் கொஞ்சம் வெயில். அவ்வளவுதான். ஃபாதர் மெதுவாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடி போடுங்க பாஸ். ஆடு வரக் கூடாது."

போன மாதம் ஸ்டீபன் பாஸின் சவப்பெட்டியை, அவரே போட்ட அந்தக் கண்ணாடிக்கு நேரே, கால் பீடத்துப் பக்கமாக வைத்தார்கள். திரேசா குனிந்து தலையணையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டாள்.

"ஆசை தீரப் பாருங்க," என்றாள். "இன்னைக்கு இடிக்க மாட்டேன்."