அக்கா கொண்டுவந்த கேக்

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்ய வந்த யாழ்ப்பாணத்து அக்கா, அங்கே கதிரையில் அமர்ந்து நான் கண்டதேயில்லை. நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருப்பார். தேநீரைக்கூட நின்றபடிதான் குடிப்பார்.

இந்த நாட்டில் பிறந்தநாள்காரர்தான் வேலையிடத்துக்குக் கேக் கொண்டுவர வேண்டும். ஒருநாள் அக்காவும் பெரிய தட்டு நிறையப் பட்டர் கேக் கொண்டுவந்து கன்ரீன் மேசையில் வைத்துவிட்டு, மேல்மாடியைத் துடைக்கப் போனார்.

எல்லோரும் வந்து சாப்பிட்டுவிட்டு எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்! அந்த அலுவலகத்தில் கறுத்த தோல்காரி நான் ஒருத்திதானே.

"எனக்கில்லை, துப்புரவு செய்பவருக்குத்தான் பிறந்தநாள்" என்றேன்.

இங்கே எல்லோரும் சமம் என்று ஓயாமல் சொல்லும் மேலாளர், விரலை நக்கியபடி, "அவர் எங்கள் ஆள் இல்லையே, வேறு கம்பனி அல்லவா?" என்றார். அக்காவின் கேக் மட்டும் இனித்ததாக்கும்!

அக்கா இறங்கி வந்தபோது தட்டில் தூள்தான் மிச்சம். மேசையைத் துடைத்தார்.

"உங்களுக்கு ஒரு துண்டுகூட வைக்கேல்லை அக்கா. எனக்கு விசர் வருது."

"ஓம் பிள்ளை, பார்த்தனான். அடுத்த முறை இந்த மேசையில கதிரை போட்டு இருந்து நானே வெட்டிக் குடுப்பன். என்ர முகத்தைப் பார்த்து வாங்கட்டும்."

அடுத்த பிறந்தநாள் வருவதற்குள் துப்புரவுக் கம்பனி அவரை வேறெங்கோ மாற்றிவிட்டது. அவருக்குப் பதிலாக வந்தவர் எரித்திரியா நாட்டுப் பெண், இருபத்தைந்து வயதுகூட இராது. மேலாளர் அவளிடம் சிரித்தபடி கேட்டார்:

"போன வருடம் கொண்டுவந்தாயே, அந்தக் கேக் இந்த முறை இல்லையா?"