டீச்சர் கலர் பீரோ

மெட்ராஸில் ஏழு வருஷம் பீரோ செய்த பரக்கத்துல்லா, 1968இல் விருத்தாசலத்துக்கே திரும்பி ஜங்ஷன் ரோட்டில் பட்டறை போட்டார். மனைவி ஜுலைகா ரயிலைப் பார்த்துக் காத்திருந்தது போதும் என்றுதான். ஆனால் ஊரில் தேக்கு அலமாரிக்கு இருந்த மரியாதை இரும்புக்கு இல்லை. “மொத பீரோ போணியாவலன்னா மறுபடி மெட்ராஸுதான்” என்று ஜுலைகாவிடம் சொல்லிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டி துணிமணியோடு கதவோரமே கிடந்தது. வீடு பெருக்கும்போது அவள் அதைத் தொடாமல் சுற்றிப் பெருக்கினாள்.

ஒருவழியாக ராஜம்மாள் டீச்சர் வந்தார். அவருடைய மர அலமாரியில் கரையான் புகுந்து டிரெயினிங் சர்டிபிகேட்டில் பாதியைத் தின்றிருந்தது.

“இரும்பக் கரையான் தின்னாதுல்ல பாய்?”

“தின்னா அதுக்குத்தான் பல்லு போவும் டீச்சரம்மா.”

தகடு வெட்டி, மடித்து, வெல்டிங் வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டீச்சர் கேட்ட பச்சைப் பெயிண்டும் அடித்தார். அங்கேதான் வந்தது வினை. ஜங்ஷனில் இன்ஜின் கக்கிய கரியெல்லாம் ஈரப் பெயிண்டில் வந்து உட்கார்ந்தது. மூன்று முறை தேய்த்து, மூன்று முறை அடித்தார். மெட்ராஸ் என்றால் சூட்டு அறையில் வைத்துக் காயவைப்பார்கள். இங்கே? பீங்கான் சூளையில் வேலை பார்த்த கொளஞ்சியிடம் போனார்.

“லேசான சூடு போதும் கொளஞ்சி.”

“அதுக்கென்ன பாய், நேத்து அணைச்ச சூளை இருக்குது. லேசான சூடுதான்.”

ஆயிரத்து இருநூறு டிகிரியோடு குடும்பம் நடத்துகிறவரிடம் போய் லேசான சூடு கேட்டால் அவர்தான் என்ன செய்வார், பாவம்! வெளியே வந்த பீரோவில் பச்சையைக் காணோம். வழவழப்பு இருந்தது, நிறம் மட்டும் கருகிப் பழுப்பாகிவிட்டது.

டீச்சர் பார்க்க வந்தபோது பரக்கத்துல்லா தலை நிமிரவில்லை.

“என் தப்புதான் டீச்சரம்மா.”

டீச்சர் கதவைத் திறந்தார், மூடினார், பூட்டைத் திருப்பினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

“தேக்காட்டமே இருக்குதே பாய்! கரையான்தான் ஏமாந்துபோவும். வண்டியில ஏத்துங்க.”

பிற்பாடு ஊரே அதை ‘டீச்சர் கலர்’ என்று கேட்டு வாங்கியது. எழுபத்தைந்தில்கூடக் கல்யாணச் சீருக்கு அதுதான். அந்தக் கருகல் நிறத்தைப் பெயிண்ட் டப்பாவில் கலந்து பிடிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆனால் பீரோ வண்டியேறிய அன்று அவர் வீட்டுக்கு ஓடியபோது, கதவோரம் காலியாக இருந்தது.

“பெட்டி எங்க?”

ஜுலைகா சமையற்கட்டைக் காட்டினாள்.

“அரிசி கொட்டி வச்சிட்டேங்க. இரும்புதான, எலி கடிக்காது. இனிமே அதத் தூக்கிக்கிட்டு நீங்க எங்கியும் போவ முடியாது.”