தோள் போன ஞாயிற்றுக்கிழமை

மீன்பிடிப்பது உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலை என்று நினைப்பவர்கள் முரிவாய்க் கடற்கரையில் ஒரு காலை நின்று பார்க்கவேண்டும். நானும் அப்படி நினைத்தவன்தான். எண்பதுகளின் நடுவில் ஓக்லாந்துக்கு வந்து, ஏவன்டேலில் ஓர் அறையை ரென்ட்டுக்கு எடுத்து, விரி என்ற பகுதியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் வேலையில் இருந்தேன். மனைவி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள். ஐந்து நாள் பெட்டி தூக்கியவன் ஞாயிற்றுக்கிழமையும் உடம்பை வருத்தப் போவானா என்று கேட்கலாம். அறையில் தனியே கிடந்தால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. போனேன்.

கூட்டிப்போனவர், நான் தூக்கும் பெட்டியின் மறுமுனையைத் தூக்குகிறவர். ஃபிஜியிலிருந்து வந்தவர். பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழ்க் குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூப்பு. அவர் என்னை "யாழ்ப்பாணம்" என்பார், நான் அவரை அண்ணை என்பேன். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். சூப்பவைசர் சிடுசிடுத்தால், "அந்த ஆளு இன்னிக்கு மொளகாயைக் கடிச்சுட்டு வந்திருக்கான்" என்பார். களைத்துவிட்டால், "ஒடம்பு லீவு லெட்டர் எழுதுது" என்பார். நான் அவற்றைப் பொறுக்கிவைத்து மனைவிக்குக் கடிதத்தில் எழுதுவேன்.

மீன்பிடிப்பில் உடம்பு எங்கெங்கே நோகும் என்பதை அவருக்குப் பக்கத்தில் நின்றே கண்டுகொண்டேன். துறைமுகப் பாலத்தில் கைநூல் விட்டால் விரல்தான் பலி. மீன் இழுக்கும்போது நூல் சுட்டுவிரலை அறுத்துவிடும், ஆனால் முழங்கைக்கு மேலே ஒன்றும் தெரியாது. ஆற்றுமுகத்தில் குட்டைத் தடியால், இரைபோல் மினுங்கும் தகட்டை வீசிவீசிக் கஹவாய் மீன் பிடிப்பது வேறு. வீசுவது, சுற்றுவது, வீசுவது, சுற்றுவது. நூறு தரம் வீசினால் மணிக்கட்டும் முழங்கையின் வெளிப்பக்கமும் கழன்றுவிடும். திங்கள் காலையில் தேத்தண்ணிக் கோப்பை நடுங்கும். மூன்றாவது, அலைக்கு மேலால் எறிவது. ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு நீளமான தடி, நுனியில் ஈயக்குண்டு. அந்த எறி குதிக்காலில் தொடங்கி, இடுப்பில் ஏறி, முதுகால் சுழன்று கடைசியில்தான் கைக்கு வரவேண்டும். அண்ணை எறியும்போது ஏதோ சோம்பல் முறிப்பது போலிருக்கும். நான் எறிந்தால் எல்லாப் பாரமும் வலது தோளில்.

அந்த ஞாயிறு அலை பெரிது. அவர் சின்னக் குண்டு போடச் சொன்னார். நான் ஆகப் பெரிதை எடுத்துக் கட்டினேன். மூன்றாவது அலையைத் தாண்டவேண்டும் என்று ஒரு வீம்பு.

"கையால எறியாத யாழ்ப்பாணம், காலால எறி," என்றார்.

"கால் உங்களுக்கு, கை எனக்கு," என்று சொல்லிவிட்டு எறிந்தேன். தோளுக்குள் ஈரக் கயிறு அறுந்த மாதிரி ஒன்று நடந்தது. குண்டு முதல் அலைக்கே போகவில்லை. நான் இடக்கையால் நூலைச் சுற்றினேன். அவர் ஒரு கணம் பார்த்தார், பிறகு தன் தடியைப் பார்த்தார். திரும்பி வரும்போது காரின் கதவை அவரே வந்து திறந்துவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் சூப்பவைசர் எனக்கு ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார், இவன் நிரந்தரமாக ஒழுங்காக வேலை செய்கிறவன் என்று. மனைவியின் விசாவுக்கு அந்தக் கடிதம் தேவை. விளையாடப் போய்த் தோளை முறித்துக்கொண்டவனுக்கு யார் கடிதம் கொடுப்பார்கள் என்று நானாகவே முடிவுகட்டினேன். வலிக்கு இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

கொள்கலனின் மூலைக்கு ஃபோர்க்லிஃப்ட் போகாது. அங்கே இருக்கும் மரப்பெட்டிகளை இரண்டு பேர் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டும். ஒருவர் எண்ண, மூன்றில் இருவரும் சேர்ந்து தூக்குவது முறை. எங்கள் சோடி தமிழில்தான் எண்ணும். அந்தக் கொட்டகையில் எங்கள் இருவரையும் தவிர வேறு ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அது எங்களுக்கு ஒரு சின்னக் கொண்டாட்டம். அன்றும் அவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நிறுத்தி நிதானமாகத்தான் எண்ணினார். தூக்கினோம். என் தோள் விட்டுவிட்டது. பெட்டி விழுந்து உடைந்து, உள்ளே இருந்த இயந்திரச் சாமான்கள் நிலமெல்லாம் உருண்டன. நான் கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன்.

சூப்பவைசர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். வாயில் வந்தது இதுதான்: அவர் மூன்று சொல்ல முன்னரே தூக்கிவிட்டார்.

பொய்யென்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வழியில்லை. சத்தம் கேட்டவர்கள் இருந்தார்கள், விளங்கியவர்கள் இல்லை. சூப்பவைசர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு, "சாரி," என்றார், அவ்வளவுதான்.

அந்த மாதம் அவரை எங்கள் குழுவுக்குத் தலைவராக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. அவரே என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லியிருந்தார். தலைவரானால் பெட்டி தூக்கவேண்டியதில்லை, முதுகுக்கு ஓய்வு. அந்த இடம் வேறொருவருக்குப் போனது. பாதுகாப்பில் கவனமில்லாதவரைத் தலைவராக்க முடியாது என்றார்களாம். இதை எனக்குச் சொன்னது வேறு ஆட்கள், அவரல்ல.

நான் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு ஆறு கிழமை வீட்டிலிருந்தேன். சூப்பவைசரின் கடிதம் தபாலில் வந்தது. டாக்டரின் வரவேற்பறையில் ஒரு நாள், பந்து விளையாடி முழங்கால் பிசகிய ஒருவர் பக்கத்தில் இருந்தார். அவர் கையிலும் என் கையில் இருந்த அதே காய உதவிப் படிவம். விளையாட்டில் பட்ட காயத்துக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். வேலையில் பட்டாலென்ன, கடற்கரையில் பட்டாலென்ன, இந்த நாட்டில் காயத்துக்கு உதவி உண்டு என்று விளக்கினார். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் டெய்ரி என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடைக்கு முன்னால் நின்றுவிட்டேன். உள்ளே போய் என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துபோனது.

மனைவி வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்குக் கார் கொண்டுவந்தவரும் அண்ணைதான். அடுத்த ஞாயிறு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். கஹவாய்க் குழம்பு. மனைவிக்கும் நான் அதே பொய்யைத்தான் எழுதியிருந்தேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, கோபமில்லாமல், ஆனால் விடாமல், "அண்ணை, நீங்கள் கொஞ்சம் பொறுத்துத் தூக்கியிருக்கலாம். இவருக்கு இண்டைக்கும் கை மேல போகுதில்லை," என்றாள்.

அவர் கவளத்தைக் கீழே வைத்தார். "ஆமா தங்கச்சி. தப்புதான்."

நான் குழம்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

அவர் போன பிறகு அவளிடம் சொன்னேன். அவள் கனநேரம் பாத்திரம் கழுவினாள். பிறகு, "என்னை அவரின்ர முகத்துக்கு நேரே பேசவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள் என்ன?" என்றாள்.

திங்களன்று சூப்பவைசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. அவர் சலிப்போடு கேட்டுவிட்டு, இனி மாற்ற முடியாது, அடுத்த இடம் வரும்போது பார்ப்போம் என்றார். அண்ணையைக் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டிருக்கிறார். எனக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. மாலையில் கார் நிறுத்துமிடத்தில் அண்ணை எனக்காகக் காத்திருந்தார். சந்தோஷப்படுவார் என்றே கிட்டப் போனேன்.

"எதுக்குச் சொன்ன?"

"உண்மையைச் சொல்லவேணுமெண்டு..."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா எனக்கு உதவும். இன்னிக்குச் சொன்னது யாருக்கு உதவும்? நீ நல்லாத் தூங்குவ." அவர் குரலை உயர்த்தவில்லை. "உன் பொண்டாட்டி வரணும்னுதான் நான் வாயை மூடிக்கிட்டேன். இப்ப அந்த ஆளு என்னைப் பார்த்து, உனக்குத் தெரிஞ்சும் ஏன்டா சும்மா இருந்தன்னு கேக்குறான். பொய்யில எனக்கும் பங்காம்."

நான் அதை யோசித்திருக்கவேயில்லை.

அடுத்த இடம் வந்தபோது அவர் விண்ணப்பிக்கவில்லை. கிளென்ஃபீல்டில் ஒரு கடையில் வேலை கிடைத்துப் போய்விட்டார், நின்றபடி விற்கும் வேலை. அங்கே ஒரு சனிக்கிழமை மனைவியோடு போனேன். கண்டதும் முகம் மலர்ந்தது, மனைவியைப் பார்த்து. அவளோடு நெடுநேரம் பேசினார், பிள்ளை உண்டாகியிருப்பதைக் கேட்டு ஆசீர்வதித்தார். நாங்கள் புறப்படும்போது என் பக்கம் திரும்பி, கடையில் வாங்க வருகிறவர்களிடம் கேட்கும் அதே மரியாதையோடு, வேறேதும் வேணுமா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.