‘உள்ளேன்’ என்று சொல்ல முடியாத என் மகள்

கர்த்தரை நம்பியிருக்கும் பெற்றோரே, ஆம்பூரிலிருந்து ஒரு தாய் பேசுகிறேன். எண்பத்திரண்டாம் வருஷத்தில் என் மகள் எஸ்தர் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அவளுக்குத் திக்குவாய். காலையில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்ல வேண்டும். ‘உ’ வந்தால் அதற்கு மேல் வராது. பிள்ளைகள் சிரித்தார்கள். அதனால் வாயையே மூடிக்கொண்டாள். டீச்சர் அதைத் திமிர் என்று எண்ணி வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்.

ஒரு நாள் பையை மூலையில் போட்டுவிட்டு, இனிமேல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தோல் கம்பெனி வேலை முடிந்து வந்த என் கணவர், “இன்னா பண்றது? உன் கூட ஷூ கம்பெனிக்கே இட்டுனு போ” என்றார். அவர் குரலில் அத்தனை அலுப்பு. எனக்கும் அலுப்புதான். நாளெல்லாம் தையல் மெஷினில் குனிந்த முதுகு வீட்டில்கூட நிமிராது. என் பிள்ளையும் இப்படிக் குனிய வேண்டுமா?

உபவாசம் இருந்தேன். ஜெபக்கூட்டத்தில் சகோதரிகள் அவள் நாக்கில் எண்ணெய் தடவி ஜெபித்தார்கள். ஒன்றும் மாறவில்லை. திரும்பும் வழியில் எஸ்தர் கேட்டாள்: “அ... அம்மா, ஏசப்பாவுக்கு எம்மேல கோவமா?”

நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன். ஆண்டவரே, என்னால் முடியவில்லை, நீரே வழி காட்டும் என்றேன். அப்போதுதான் உள்ளத்தில் உறைத்தது. இவளுக்குத் திக்குவாய் என்று டீச்சரிடம் யாருமே சொல்லவில்லையே! மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குப் பள்ளிக்கூட வாசல் என்றாலே உதறல்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு நானும் கணவரும் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு போனோம். டீச்சருக்கு முன்னால் எனக்குப் பேச்சு எழவில்லை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டவரே, ஒரு வார்த்தை கொடும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். கொடுத்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டீச்சர் முகம் வாடிப்போனது. “அய்யோ, எனக்குத் தெரியாதேம்மா. வேணும்னே பேசலன்னு நெனச்சிட்டேன். எஸ்தர், இனிமே கையைத் தூக்கு, போதும்” என்றார். சிரித்த பிள்ளைகளையும் அவரே கண்டித்தார்.

இந்த வருஷம் எஸ்தர் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருக்கிறாள். இன்னும் திக்கித்தான் பேசுகிறாள், ஆனால் பேசுகிறாள். அவள் நாக்குக்காக ஜெபித்தேன். கர்த்தர் முதலில் என் நாக்கை அவிழ்த்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

உங்கள் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் கஷ்டமா? முழங்காலில் நின்று அவரிடம் சொல்லுங்கள். பிறகு எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். பயமாக இருந்தாலும் போங்கள். அவர் கூடவே வருவார்.